அழாத பிள்ளை

செப்டம்பர் கடைசியில் பணம் வந்தது.
கேட்டது ஒன்பது லட்சம் சோம்,
தந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
நகரசபைக் கடிதத்தில் பணத்தைவிட
வாழ்த்துகள் அதிகம்.

மலைமேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.
நரீன் ஆறு இன்னும் உறையவில்லை.
கலிபா பட்டியலை மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் நான்கு நட்டு வைத்தாள்.

இரண்டாம் பம்ப்: பேரிங் தேய்ந்து ஊளையிடுகிறது.
பள்ளிக்கூடத்துக்கு அடியில் குழாய்:
மண்ணே வியர்க்கிறது, பூனைகள் அங்கேதான் படுக்கின்றன.
புகைபோக்கி விசிறி,
மூன்றாம் கொதிகலனின் செங்கல்,
நிலக்கரி வாரும் வண்டியின் ஒரு சக்கரம்.
கடைசியில், பென்சிலில், யாரும் கேட்காமல்
அவளே எழுதிச் சேர்த்தது:
பாதுகாப்பு வால்வு.

"அது எப்போது கெட்டது?" என்றான் மிர்லான்.
"கெட்டதா என்று தெரியாது."
"தெரியாததற்கா செலவு?"
"பதினோரு வருஷமாக அது ஒரு சத்தமும் போடவில்லை.
அதுதான் பயம்."

எங்கள் ஊரிலும் ஒரு சொல் உண்டு,
அழாத பிள்ளைக்குப் பால் கிடையாது என்று.
இரண்டாம் பம்ப் அந்தச் சொல்லை நன்றாகக் கற்றிருந்தது.
நகரசபைத் தலைவர் வந்த அன்றுகூட
அவர் பேச்சைவிட உரக்கப் பேசியது.
எல்லோரும் பம்ப் என்றோம். நானும்தான்.
இரவு வேலை எனக்கு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து
ரொட்டி தின்பவன் நான்.

கலிபா கத்தவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்:
"இது நின்றால் என்ன ஆகும்?"
ஒவ்வொரு வரிக்கும் அதே கேள்வி.
பம்ப் நின்றால் குளியல்கூடம் குளிரும், ஜனங்கள் திட்டுவார்கள்.
குழாய் உடைந்தால் பள்ளிக்கு விடுமுறை.
விசிறி நின்றால் கண் எரியும்.
வால்வு திறக்க வேண்டிய நாளில் திறக்காவிட்டால்?
யாரும் பதில் சொல்லவில்லை.
மிர்லான் சன்னல் வழியே
எதிரில் இருக்கும் பிரசவ விடுதியைப் பார்த்தான்.

கழற்றுவதற்கே இரண்டு நாள் ஆனது.
சோதனை மேசையில் ஆறில் திறக்க வேண்டும்.
ஏழு. எட்டு.
ஒன்பதில் முள் நடுங்கியது, வால்வு நடுங்கவில்லை.
உள்ளே சுண்ணாம்பு,
பல்லிடுக்கில் படிந்த காறை போல,
அதைக் கல்லாக்கியிருந்தது.
நாங்கள் மூன்று பேர் பார்த்தோம்.
கலிபா முள்ளை மெல்லப் பூஜ்ஜியத்துக்கு இறக்கி,
கையைத் துடைத்துக்கொண்டு,
புதியதற்குக் கையெழுத்திட்டாள்.
மிச்சப் பணத்தில் பள்ளிக் குழாய்க்கு ஒரு பட்டை.
பம்புக்கு ஒரு டப்பா கிரீஸ்.

பிப்ரவரியில், மைனஸ் முப்பத்தொன்றில்,
இரண்டாம் பம்ப் சொன்னதைச் செய்தது.
நாற்பது நாள் குளியல்கூடம் பூட்டிக் கிடந்தது.
ரொட்டிக் கடை புருல்சா என் முகத்துக்கு நேரே சொன்னாள்:
"எதற்கோ பணத்தை அழித்தீர்களாமே, வேலை செய்யாத சாமானுக்கு."
அவள் தலைமுடியில் மாவும் சிக்கும்.
நான் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
சொல்ல என்ன இருக்கிறது?
நடக்காத ஒன்றை எந்தத் தட்டில் வைத்து நீட்டுவது?

ஏப்ரல் வந்தது. அடுப்பை அணைத்தோம்.
குளிர்காலம் முழுதும் புதிய வால்வு
ஒரு முறைகூடத் திறக்க வேண்டி வரவில்லை.
பழையது இருந்தாலும் வந்திருக்காதோ என்னவோ.
கலிபாவுக்கும் அது தெரியாது,
கேட்டேன், தோளைக் குலுக்கினாள்.

ஆண்டறிக்கையில் அவள் எழுதிய வரி இது:
வால்வு, நிகழ்வு ஏதுமில்லை.
அடுத்த வரியில் பம்ப்,
மூன்று பக்கத்துக்கு.

இந்த வருஷப் பட்டியலை நேற்றுத் தொடங்கினோம்.
விசிறி இப்போது நன்றாக அழக் கற்றுக்கொண்டது.
கலிபா அதை எழுதிவிட்டுப் பென்சிலை வைக்கவில்லை.
காதைச் சாய்த்துக்கொண்டு
மெதுவாகக் கூடத்தைச் சுற்றி நடந்தாள்,
சத்தமில்லாத ஒவ்வொன்றின் முன்பும்
கொஞ்ச நேரம் நின்று.